கிடைக்காத செருப்பு

கோவில்பட்டியில் என் தாய்மாமா செருப்புக்கடை வைத்திருந்தார். 1978-இல் நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. கல்லூரி மலரில் ஒரு கவிதை வந்துவிட்டதால் குடும்பத்தில் எனக்கு எழுத்தாளர் பட்டம். அந்தத் தகுதியில்தான் மாமா கூப்பிட்டார்: "மாப்ளே, தியேட்டர்ல சிலைடு போடணும். நாலு வார்த்தை எழுதிக் குடு."

அந்தக் கால விளம்பரங்கள் கோர்ட்டில் சாட்சி சொல்கிற குரலில்தான் பேசும். 1967-இல் விவித பாரதியில் விளம்பரம் நுழைந்தது, 1976-இல் தூர்தர்ஷனில். பின்னால் சர்ஃப் லலிதாஜி வந்து, மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்று வகுப்பெடுத்தார். யாரும் நம்மைச் சிரிக்க வைக்க நினைக்கவில்லை. சிரிப்பை நாங்களே சேர்த்துக்கொண்டோம். வுட்வர்ட்ஸ் விளம்பரத்தில் குழந்தை அழும். தலைமுறை தலைமுறையாக ஒரே மருந்துதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஆச்சி மூட்டுவலி என்று முனகினால், அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "வுட்வர்ட்ஸ் குடுக்கச் சொல்லு" என்பார். கரண்ட் போனாலும் அதே மருந்துதான்.

நான் அப்படியெல்லாம் எழுதுவேனா? நகைச்சுவைதான் என்று தீர்மானித்தேன். மேலே பெரிய எழுத்தில் 'கடிக்காத செருப்பு!' கீழே, 'உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறோம், ஒருமுறை வாருங்கள்.'

"காலைப் பிடிக்கிறதெல்லாம் எதுக்கு மாப்ளே?" என்றார் மாமா.

"நம்ம தொழிலே அதானே மாமா?"

யோசித்தார். குத்தவைத்து உட்கார்ந்து, வந்தவர் பாதத்தைத் தொடையில் தூக்கிவைத்து, கையாலேயே நம்பர் சொல்லிவிடுகிறவர் அவர். மறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டாம் ஆட்டம். குடும்பத்தோடு போயிருந்தோம். நியூஸ்ரீல் முடிந்து, ஜவுளிக்கடை சிலைடு, நகைக்கடை சிலைடு, அப்புறம் எங்களுடையது. கண்ணாடியில் வண்ணம் தீட்டிய ஆர்ட்டிஸ்ட் என்ன நினைப்பில் இருந்தாரோ, திரையில் ஆளுயர எழுத்தில் நின்றது: 'கிடைக்காத செருப்பு!'

தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்: "கிடைக்காததுக்கு என்னத்துக்குடே வெளம்பரம்?" கொட்டகையே சிரித்தது. மாமா இடைவேளைக்குக்கூட நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது மூன்று பேர் நின்றார்கள். "அண்ணாச்சி, அந்தக் கிடைக்காத செருப்புல எட்டாம் நம்பர் இருக்கா?" மாமா ஒரு வார்த்தை பேசாமல் எட்டாம் நம்பரை எடுத்துப் போட்டார். தீபாவளி வரைக்கும் சிலைடைத் திருத்தவே விடவில்லை.

சிரிக்க வைப்பதையே தொழிலாகச் செய்தவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். பம்பாயில் 1966-இலேயே சில்வெஸ்டர் டா குன்ஹாவும் யூஸ்டேஸ் ஃபெர்னாண்டஸும் அமுல் பாப்பாவைப் பெற்றெடுத்துவிட்டார்கள். ஆனால் அவள் பேசிய சிலேடை இங்கிலீஷ். எங்கள் ஊர் வெண்ணெய்க்காரம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. எங்களை மடக்கியது ஃபெவிகால். ஓட்டலில் முட்டையை எப்படித் தட்டியும் உடையவில்லை. வெளியே கோழி ஃபெவிகால் டப்பாவில் மேய்ந்துகொண்டிருக்கிறது. இன்னொன்றில், பாலைவனத்து மேடுபள்ளத்தில் ஒரு பஸ் குலுங்கிப் போகிறது, கூரையிலும் பக்கவாட்டிலும் ஆட்கள் மொய்த்திருக்கிறார்கள், ஒருத்தர்கூட விழவில்லை. பியூஷ் பாண்டேயின் ஓகில்வி செய்தது. காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் படியில் தொங்கியவனுக்கு அதை யார் மொழிபெயர்க்க வேண்டும்?

2009 ஐ.பி.எல். சமயத்தில் வோடஃபோன் ஸூஸூக்கள் வந்தன. கார்ட்டூன் என்றே நினைத்தோம். உள்ளே இருந்தது முழுக்க மனிதர்கள். கேப் டவுனில் வெள்ளை உடுப்பு மாட்டி நடிக்கவைத்துப் படம் பிடித்தார்களாம். இன்றைக்கு உள்ளே யாருமே இல்லாமல் மனிதர்களை வரைகிறார்கள்.

கடையை இப்போது பார்ப்பது மாமாவின் பேரன். அவனுக்கு நான் மாமா. "கன்டென்ட் ஃபன்னா இருக்கணும் மாமா" என்று சென்னையில் ஒரு கம்பெனியைப் பிடித்திருக்கிறான். மாதம் பன்னிரண்டு ரீல்ஸ். எதைத் திறந்தாலும் வடிவேலு. 2001-இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் நேசமணியாக வந்த அவர் தலையில் விழுந்த சுத்தியலுக்காக 2019 மே மாதம் உலகமே ட்விட்டரில் பிரார்த்தனை செய்தது அல்லவா? அன்று முதல் அந்தத் தலைக்கு ஓய்வில்லை. எங்கள் ரீல்ஸில் சுத்தியலுக்குப் பதில் செருப்பு விழுகிறது.

யூடியூபில் நம்மைச் சிரிக்க வைக்க விளம்பரக்காரர்களுக்கு ஐந்து விநாடி கெடு. ஐந்தாவது விநாடிக்காக நம் கட்டைவிரல் 'ஸ்கிப்' மேல் தவம் இருக்கிறது. சிரிக்கிற முகமா அது?

ஒருநாள் பழைய சிலைடு கதையைச் சொல்லித் தொலைத்தேன். மருமகன் துள்ளினான். கம்பெனியில் மூன்று மீட்டிங். அந்தப் பிழையை முறைப்படி, அனுமதி பெற்று, மறுபடி செய்தார்கள்: 'கிடைக்காத செருப்பு!' வந்த கமெண்டுகள்: 'ஸ்பெல்லிங் மிஸ்டேக் ப்ரோ.' 'முதல்ல தமிழ் கத்துக்கோங்க.' 'ஏஐ எழுதுனதா?' பழைய காலத்து ஆள் ஒருவர் மட்டும் 'கடி' என்று போட்டிருந்தார். என்கேஜ்மென்ட் பிரமாதம் என்று கம்பெனி ரிப்போர்ட் அனுப்பியது. எட்டாம் நம்பர் பெட்டி அலமாரியில் அப்படியே இருக்கிறது.

போன பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட்டுத் திரும்பினால் வாசலில் என் செருப்பைக் காணோம். நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து என் விளம்பரம் உண்மையாகிவிட்டது. வெறுங்காலோடு கடைக்கு நடந்துபோய் மருமகனிடம் சொன்னேன். கண் கலங்கச் சிரித்தான். அப்புறம் போனை எடுத்து என் பாதத்துக்கு நேராகப் பிடித்தான்.

"அப்படியே நில்லுங்க மாமா. இப்ப சொன்னதைத் திரும்ப ஒருதடவை சொல்லுங்க, ரீல்ஸ் எடுத்துக்கிடுதேன்."

சொன்னேன். இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை. மூன்று டேக் ஆயிற்று. அவன் தாத்தாவாக இருந்தால், முதலில் குத்தவைத்து உட்கார்ந்து என் காலைப் பிடித்திருப்பார்.