எம், கே, அரைப்புள்ளி, கே, எச்

திருகோணமலையில் உட்துறைமுக வீதிப் பக்கம் கொம்பியூட்டர் வைத்திருப்பவருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உப்புக்காற்று. மற்றது கொழும்பிலிருந்து லீவுக்கு வரும் மருமகன்.

உப்புக்காற்று பெட்டியின் திருகாணிகளைத்தான் தின்னும். மருமகன் நேரே நான் பாட்டுக் கேட்கும் வின்அம்ப் மென்பொருளில் கை வைப்பான்.

"மாமா, இது செத்துப்போன சாமானெல்லோ?"

பலமுறை செத்துப் பிழைத்தது உண்மைதான். 1997இல் பிறந்து, 1999இல் ஏஓஎல் கம்பனியின் கைக்குப் போனது. 2002இல் மூன்றாம் பதிப்பென்று ஒன்றை விட்டார்கள். அது சரியான மந்தம். சனம் இரண்டுக்கே திரும்பிவிட்டது. அடுத்த வருசம் நாலை விட்டுவிட்டு ஐந்துக்குத் தாவினார்கள். இரண்டும் மூன்றும் ஐந்தாம்! 2013 டிசம்பரோடு இழுத்து மூடுகிறோம் என்றார்கள். அடுத்த மாதமே வேறொருவர் வாங்கிவிட்டார். இந்தச் செத்தவீடு ஒன்றுக்கும் நான் போகவில்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் மாமா விடமாட்டீங்கள்?"

"பாமினியாலதான்."

மருமகன் சமையலறைப் பக்கம் திரும்பி, மாமி நிற்கிறாவா என்று பார்த்தான். பாமினி எழுத்துருவடா, மோனே. யூனிகோட் பரவமுதல் இலங்கையில் தமிழ் தட்டியவர்களில் பெரும்பகுதி அதில்தான் தட்டினார்கள். சீடிக்கடைத் தம்பி என் பாட்டுகளுக்கெல்லாம் அதிலேதான் பெயர் அடித்துத் தந்தான். பாமினி இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். "அம்மா" என்று தொடங்கும் பாட்டு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும்.

வின்அம்ப்பில் ஜே விசையைத் தட்டினால் தேடும் பெட்டி வரும். அதில் பாமினிக்கு அடிக்கிற மாதிரியே அடிப்பேன். தான் தேடுவது தமிழ் என்று அதுக்குத் தெரியாது. ஆனால் பாட்டு டக்கென்று வந்து நிற்கும்.

மருமகன் அதே பாட்டைத் தன் போனில் ஆங்கில எழுத்தில் தேடினான். எம் ஒன்றா இரண்டா, ஏ ஒன்றா இரண்டா என்று நாலுவிதமாக எழுதிப் பார்த்தான். கடைசியில் ஒரு ரீமிக்ஸ் அதிர்ந்தது. வாழைத்தோலுக்காகப் படலையில் நின்ற மான் ஓட்டம் பிடித்தது. (திருகோணமலைக் கோட்டைக்குள் மட்டும் நிற்கிற மான்கள் அல்ல எங்களுடையவை; தெருவெல்லாம் வரும்.) "இதுவும் உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று போன் இன்னும் நாலைக் காட்டியது. எனக்குப் பிடித்ததைத்தானே ஐயா தேடுகிறேன்?

வீட்டில் பழைய ஹார்ட் டிஸ்க்கில் பாமினிப் பெயரோடு பாட்டு வைத்திருப்பவர்கள், அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட முதல் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பெயரை மட்டும் திருத்திவிடாதேயுங்கோ.