மில்லிவோல்ட் மகாத்மியம்

1746. வெர்சாய் அரண்மனையில் பதினைந்தாம் லூயி மன்னருக்குப் பொழுது போகவில்லை. நொல்லே என்ற பாதிரியார் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து, லைடன் ஜாடியில் சேர்த்து வைத்திருந்த மின்சாரத்தை அவர்கள்மீது அவிழ்த்துவிட்டார். 180 பேரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். வீரர்களின் கருத்தை யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. பிறகு பாரிஸ் மடத்துத் துறவிகளுக்கும் அதே உபசாரம் நடந்தது. உலக பந்தங்களை அறுத்தவர்களும் கம்பியைப் பிடித்தால் துள்ளத்தான் செய்கிறார்கள் என்று அறிவியல் அன்று கண்டறிந்தது.

இரண்டு வருடம் கழித்து இதே பாதிரியார் ஒரு குப்பியில் சாராயத்தை நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் மூத்திரப்பையால் இறுகக் கட்டி, தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் சவ்வு புடைத்துக்கொண்டது, குத்தினால் பீச்சியடித்தது. தண்ணீரைத் தாராளமாக உள்ளே விட்ட சவ்வு, சாராயத்தை வெளியே விட மட்டும் யோசித்திருக்கிறது. ஆக, ஒரு கையில் மின்சாரம், மறு கையில் சவ்வு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க மனுஷருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சாராயத்துக்குப் பதில் உப்பைப் போட்டிருக்க வேண்டும். அதில் வரும் துக்கடா மில்லிவோல்ட்டை அளக்க அன்றைக்குக் கருவியும் கிடையாது. போகட்டும்.

அடுத்து இத்தாலி. போலோனாவில் கால்வானி செத்த தவளையின் காலை உலோகத்தால் தொட, அது உதைத்தது. மின்சாரம் தவளைக்குள்ளேயே இருக்கிறது என்று 1791-ல் எழுதினார். பாவியாவிலிருந்த வோல்ட்டா ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு உலோகங்கள் பண்ணுகிற வேலைக்குத் தவளை ஏன் பெயர் தட்டிக்கொண்டு போகிறது என்பது அவர் கட்சி. 1800-ல் துத்தநாகமும் வெள்ளியும் மாறி மாறி அடுக்கி, நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையைச் செருகி மின்கலம் கட்டினார். நெப்போலியன் அவருக்குப் பதக்கம் கொடுத்தார், பிரபுப் பட்டமும் கொடுத்தார். கால்வானியோ நெப்போலியன் உண்டாக்கிய குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று வேலையைப் பறிகொடுத்து, 1798-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதில் கூத்து என்னவென்றால், வோல்ட்டா தன் அடுக்குக்கு முன்மாதிரி என்று சொன்னது மின்சாரத் திருக்கையை. அந்த மீனின் வயிற்றைக் கிழித்தால் துத்தநாக வில்லையும் அகப்படாது, வெள்ளிக் காசும் அகப்படாது. சவ்வும் உப்புத் தண்ணீரும்தான் சரக்கு. திருக்கையைக் கூண்டிலேற்றி விசாரித்திருந்தால் கால்வானி பக்கம் சாட்சி சொல்லியிருக்கும்.

சவ்வில் அப்படி என்னதான் நடக்கிறது? பழைய சினிமாக் கொட்டகையின் பெண்கள் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு கரைந்தால் சோடியம் நேர்மின் அயனி, குளோரைடு எதிர்மின் அயனி. அயனிப் பரிமாற்றச் சவ்வு ஒன்றில் எதிர் மின்னூட்டம் நகராமல் உட்கார்ந்திருந்தால், அது சோடியத்தை விடும், குளோரைடை வாசலிலேயே மறிக்கும். மனைவிமார் உள்ளே, கணவன்மார் வெளியே. உள்ளே போனவர்களும் ரொம்ப தூரம் போக முடியாமல் வாசலருகே நிற்பார்கள். வெளியிலிருந்து கூப்பாடு அப்படி. அந்த இழுபறிதான் மின்னழுத்தம். ஒரு பக்கம் உப்பு பத்து மடங்கு என்றால், 25 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட். இரண்டு பக்கமும் ஒரே செறிவில், இங்கே சோடியம் குளோரைடு, அங்கே பொட்டாசியம் குளோரைடு என்று வைத்தாலும் சண்டை ஓயாது. பொட்டாசியம் வேகக்காரன். அவன் முந்திக்கொண்டு தாண்டுவதால் சோடியத்தின் பக்கம் நேர்மின் பக்கமாகிவிடும்.

இந்தக் கணக்கின் அஸ்திவாரத்தை 1889-ல் லைப்சிக்கில் போட்டவர் வால்தர் நெர்ன்ஸ்ட். பிற்பாடு அவர் ஒரு விளக்கைக் கண்டுபிடித்து, காப்புரிமையைப் பத்து லட்சம் மார்க்குக்கு விற்றார். விளக்கு சீக்கிரமே காணாமல் போயிற்று, பணம் போகவில்லை. லைப்சிக்கில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஆஸ்ட்வால்ட் 1890-ல், நரம்பு, தசை, மின்மீன் எல்லாவற்றின் மின்சாரத்துக்கும் சவ்வே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். கால்வானிக்கு ஜாமீன் கிடைக்க ஏறக்குறைய நூறு வருடம்.

ஆஸ்ட்வால்டிடம் படித்தவர்களில் ஒருவர் கொழும்பில் பிறந்தவர்: பிரெடரிக் ஜார்ஜ் டோனன், 1870. நம்ம பக்கத்து ஆள் என்று பேனர் கட்டக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். அப்பா பெல்ஃபாஸ்ட் வியாபாரி. பையன் சின்ன வயதிலேயே அயர்லாந்து போய்விட்டார். லிவர்பூலில் பேராசிரியராக இருந்தபடி 1911-ல் ஜெர்மன் பத்திரிகையில் அவர் சொன்னது இதுதான்: சவ்வைத் தாண்ட முடியாத பெரிய அயனி ஒன்று ஒரு பக்கம் மாட்டிக்கொண்டால், தாண்டக்கூடிய சின்ன அயனிகளும் சமமாகப் பிரிந்துகொள்ளாது, அந்த ஏற்றத்தாழ்வில் மின்னழுத்தம் நிற்கும். காங்கோ ரெட் என்ற சாயத்தை வைத்துச் சோதித்தும் காட்டினார்.

டோனன் சமன்பாட்டின் மூலவடிவம் அமெரிக்கரான கிப்ஸ் 1870-களிலேயே எழுதி வைத்ததுதான். அவர் அதை அச்சிட்டது கனெக்டிகட் அகாடமியின் வெளியீட்டில். படித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். புரிந்தவர்களுக்கு ஒரு கையே அதிகம். இப்போது பாடநூல்கள் பஞ்சாயத்துப் பண்ணி, கிப்ஸ்–டோனன் என்று இருவர் பெயரையும் போட்டுவிடுகின்றன.

1935-ல் ஸ்வீடன்காரரான டியோரெல், 1936-ல் ஜெனீவாவில் மேயரும் சீவர்ஸும் தனித்தனியாக ஒரே கொள்கையை வகுத்தார்கள்: வாசலில் டோனன் மின்னழுத்தம், உள்ளே நடக்கிற வழியில் இன்னொரு மின்னழுத்தம், கூட்டிக்கொள்ளவும். 1950-ல் ஜூடாவும் மக்ரேயும் செயற்கைப் பிசினில் உறுதியான சவ்வு செய்த பிறகுதான் இந்தச் சரக்கு சோதனைச்சாலையைத் தாண்டியது. 1954-ல் பாட்டில் என்ற ஆங்கிலேயர் சவ்வுகளை வோல்ட்டா பாணியில் அடுக்கி, நல்ல தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் மாற்றி மாற்றி விட்டு மின்சாரம் எடுத்தார். 

2014-ல் நெதர்லாந்தில், ஏரியையும் கடலையும் பிரிக்கிற ஆஃப்ஸ்லாய்ட்டைக் என்ற அணைக்கரையில் இதே முறையில் ஒரு சோதனை மின்நிலையம் தொடங்கியது. திட்டமிட்ட அளவு 50 கிலோவாட். தண்ணீரின் அழுக்கு அடைத்துக்கொள்கிறது, சவ்வின் விலையும் கையைக் கடிக்கிறது. நெர்ன்ஸ்ட் கணக்கில் பிழையில்லை. கணக்குப்பிள்ளைதான் இன்னும் கையெழுத்துப் போட மறுக்கிறார்.