வோல்ட்டுக்கு எல்லை இல்லை

கேள்வி: என் பழைய மாருதி 800 காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. ‘டிக் டிக் டிக்’ என்ற சத்தத்தோடு சரி. மார்த்தாண்டத்து மெக்கானிக் பேட்டரி போச்சு என்கிறார். நெய்யாற்றின்கரைக்காரர் செல்ஃப் மோட்டார் போச்சு என்கிறார். யாரை நம்ப?
- பாறசாலை வாசகர்

பதில்: மல்டிமீட்டரை நம்புங்கள். 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை பிரிந்தபோது மார்த்தாண்டம் அந்தப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. 12.6 வோல்ட் மட்டும் களியக்காவிளைக்கு இரு பக்கமும் 12.6தான்! ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அந்த அளவு காட்டினால் சார்ஜ் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். மீட்டர் முனைகளைக் கிளாம்பில் வைக்காதீர்கள், பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். முழு சார்ஜிலும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைக் கடையில் லோடு டெஸ்ட் பண்ணிப் பாருங்கள். விழாமல் நின்றால் கோளாறு குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவில் இருக்கலாம். கிளாம்பைக் கழற்றினால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். ‘டிக் டிக்’ இல்லாமல் ஒரே ஒரு ‘டக்’ கேட்டால் மட்டும் சொலினாய்டையும் கார்பன் பிரஷ்ஷையும் சந்தேகப்படலாம்.

கேள்வி: ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது, பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்குகிறது. வயரிங்கை முழுசாக மாற்ற வேண்டுமாம். வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டதா?
- பொழியூர் வாசகர்

பதில்: உப்புதான் பிடித்திருக்கிறது. கரண்ட் போவதற்கு வயர் உண்டு. பேட்டரிக்குத் திரும்பிவரும் வழி வண்டியின் பாடிதான். கடற்காற்றில் எர்த் போல்ட் துருப்பிடித்தால், நடைவழி அடைபட்டவர் அடுத்த வீட்டு முற்றம் வழியாகப் போவது போல, கரண்டும் வேறு பல்பு வழியாகப் புகுந்து போகும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் சரியில்லை. விளக்குகளின் எர்த் போல்ட்களையும் கழற்றி, இரும்பு பளிச்சிடும்வரை உப்புத்தாள் போட்டு இறுக்குங்கள். வயரிங் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

கேள்வி: இடவப்பாதி மழை தொடங்கினால் என் பெட்ரோல் அம்பாசடர் படுத்துவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது.
- வெள்ளறடை வாசகர்

பதில்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உட்புறத்தைக் காய்ந்த துணியால் துடையுங்கள். மயிரிழை போலக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் ஸ்பார்க் அந்த வழியே கசிகிறது என்று அர்த்தம். மூடியை மாற்றித்தான் ஆக வேண்டும். வண்டி பிடித்த பிறகு ஒருநாள் இருட்டில் பானெட்டைத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். பிளக் வயர் மேல் நீலப்பொறி தெரிந்தால் அந்த வயர் போய்விட்டது. கையை மட்டும் கொண்டுபோகாதீர்கள்! பாயின்ட் அடிக்கடி கருகினால் பாயின்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, கண்டென்சரையும் பாருங்கள்.

கேள்வி: மகன் வளைகுடாவில். அவன் மாருதி பத்து நாள் நின்றாலே பேட்டரி இறங்கிவிடுகிறது. ஓடாத வண்டி எப்படிக் கரண்ட் தின்னும்?
- உதியன்குளங்கரை வாசகி

பதில்: நன்றாகவே தின்னும், அம்மா. ஸ்டீரியோவோ டிக்கி விளக்கோ 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளொன்றுக்கு 2.4 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரே வாரத்தில் பாதி காலி. எலக்ட்ரீஷியனிடம் நெகட்டிவ் வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே ஆம்பியர் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். எதை உருவும்போது அளவு சடாரென்று இறங்குகிறதோ, திருடன் அந்த வழியில். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. எலி கடித்த வயர் உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றுகிறார்களே, சரிதானா?
- அமரவிளை வாசகர்

பதில்: கூடவே கூடாது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி டயோடு கருகிவிடும். ஐந்து நிமிட சோதனைக்கு ஆல்டர்னேட்டரையே பலிகொடுப்பீர்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் நல்லது. 13-ஐத் தாண்டாவிட்டால் முதலில் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள், பிறகு பிரஷ். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது.

கேள்வி: மாருதி 800-ம் அம்பாசடரும் 2014-லேயே நின்றுபோயின. இன்னும் எதற்கு இந்தப் பாடு?
- நெய்யாற்றின்கரை வாசகர்

பதில்: கண்ணுக்குத் தெரியும் கோளாறை நம் கையாலேயே தீர்க்க முடிகிற வண்டிகள் அவை. 15 வருஷம் முடிந்தாலும் தகுதியிருந்தால் ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. பாகத்தை மாற்றியே ஆகவேண்டும் என்று யார் சொன்னாலும், “அளவைக் காட்டுங்க அண்ணே” என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார், மீட்டரை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். அவரை விட்டுவிடாதீர்கள்.