பத்து நிமிஷம் என்னும் நீட்டலளவை: தில்லியிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்து வீடு வாங்குவோர் பொருட்டு ஓர் ஆய்வு

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவைகளை நான்காகப் பகுத்து, முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்றும், அந்த முந்திரியின் முந்நூற்றிருபதில் ஒன்றுக்குக் கீழ்முந்திரி என்றும் பெயர் வைத்த மரபு நம்முடையது. தில்லியில் முப்பது வருஷம் மத்திய அரசு உத்தியோகம் பார்த்துவிட்டு, 'கடைசிக் காலத்துல நம்ம பக்கம் போயிடலாம்' என்று தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்ட்ரல் வந்து இறங்கி வீடு தேடுகிற தமிழருக்கு இவற்றில் ஒன்றுகூட உதவுவதில்லை. அவர் காதில் விழுவது ஒரே அளவுதான்: பத்து நிமிஷம்.

இவ்வளவையைப் பற்றிய முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. அக்குறையை ஒருவாறு நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம் வேளச்சேரியிலிருந்து கூடுவாஞ்சேரி வரையிலான தென்சென்னையும் அதன் புறமும். தகவலாளர்கள்: தரகர்கள், வாட்ச்மேன்கள், டீக்கடைக்காரர்கள், மற்றும் அங்கே ஏற்கெனவே வீடு வாங்கிவிட்டபடியால் உண்மை பேச இயலாத நிலையிலுள்ள உறவினர்கள்.

கருதுகோளாவது: புதிய ஊரில் வீடு வாங்குபவரிடம் சொல்லப்படும் அளவு எதுவும் அளவன்று, ஆறுதல். இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. அது ஈற்றில் கூறப்படும். நூற்பா இல்லாத ஆய்வு தமிழில் எடுபடாதாகலின், யானே ஒன்று யாத்தேன்:

தரகர் மொழிவது தூரம் அன்றே;
விலையின் நிழலே நிமிஷம் என்ப.

என்றது என்னையெனின், 'ஸ்டேஷன் பத்து நிமிஷம் சார், ஸ்கூல் பத்து நிமிஷம், ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்' என்று தரகர் ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்தி, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு கூறுமிடத்து, மூன்றும் மூன்று திசையில் இருப்பினும் நிமிஷம் மாறாமை காண்க. எட்டு நிமிஷம் என்று எந்தத் தரகரும் சொல்லக் கேட்டதில்லை. எட்டு என்றால் கணக்குப் பார்த்துச் சொல்கிறார் என்ற ஐயம் வந்துவிடும். பதினைந்து என்றால் விலை குறையும்.

அற்றேல், தூரத்தை நேரத்தால் அளப்பதே பிழையாகாதோ எனின், ஆகாது. 'நாழிகை வழி' என்று நம் முன்னோரும் அளந்தனர். ஒரு நாழிகை 24 நிமிஷம். ஆனால் அவர்கள் அளந்தது மனிதன் நடக்கிற நடையை. தரகரின் நிமிஷம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு, லேஅவுட் வளைவிலிருந்து புறப்பட்டு, மேடவாக்கம் கூட்டு ரோட்டில் சிக்னல் வேலை செய்யாத ஒரு பொற்காலத்தில், அவருடைய ஸ்கூட்டர் ஓடுவதைக் குறிக்கும். போய்ச் சேருமிடமும் ஸ்டேஷன் அன்று. ஸ்டேஷன் பெயரால் வழங்கும் ஊரின் முதல் பெயர்ப்பலகை.

இதனோடு நெருங்கிய உறவுடைய இன்னொரு அளவு 'சென்னைக்கு மிக அருகில்'. ஞாயிறு காலைகளில் தொலைக்காட்சியில் சின்னத்திரை நட்சத்திரங்கள் கையை விரித்துக் காட்டும் அந்த மனைகள் திண்டிவனத்தையும் தாண்டிக் கிடந்ததுண்டு. அவர்களைப் பொய்யர் என்று ஊரே சிரித்தது. 2022-இல் அரசு என்ன செய்தது? 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து ஆணையிட்டது. மனை சென்னைக்கு அருகில் வரவில்லை. சென்னை மனைக்கு அருகில் போயிற்று. விளம்பரக்காரர்கள் தீர்க்கதரிசிகள் என்பதே சான்றுகளால் பெறப்படும் முடிவு.

வீடு ஒரே இடத்தில் நிற்கத் தூரம் மட்டும் நகர்வதற்கு இதனினும் தெளிவான சான்று கிளாம்பாக்கம். கோயம்பேடு பஸ் நிலையத்துக்குப் பத்து நிமிஷம் என்பதற்காகவே லட்சங்கள் கூடக் கொடுத்து வீடு வாங்கியவர்கள் உண்டு. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டது. அதன்பின் தென்மாவட்ட பஸ்கள் அங்கே போயின. ஊருக்குப் போக மகாபலிபுரத்துக்குப் பாதி தூரம் போகிற மாதிரி ஆயிற்று அவர்கள் கதி. 'ஊரப்பாக்கமா, அங்க மனுஷன் இருப்பானா?' என்று கேட்கப்பட்டவர்கள் மறுநாளே நிமிர்ந்து நடந்தார்கள். இதில் யார் சாமர்த்தியசாலி என்று தீர்ப்புச் சொல்வது ஆய்வாளன் வேலையன்று. ஊரப்பாக்கத்துக்காரர்கள் அதைத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

இனிப் பரப்பு. தில்லிக்காரர் கஜ் கணக்கில் பழகியவர். ஒரு கஜ் ஒன்பது சதுர அடி. சென்னைக்காரருக்குக் கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி. ஆகவே 200 கஜ் என்பது சரியாக முக்கால் கிரவுண்ட். புறநகர் தாண்டினால் சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இதுவரை எல்லாம் கணக்கு. அடுக்குமாடிக்குள் நுழைந்ததும் கணக்கு முடிந்து காவியம் தொடங்குகிறது. 1,200 சதுர அடி என்று விற்கப்படும் வீட்டில் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை, வாட்ச்மேன் உட்காரும் இடம் எல்லாவற்றிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. அதற்கு சூப்பர் பில்டப் என்று பெயர். வாட்ச்மேனுக்குத் தாம் நம் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது தெரியாது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியா என்பதற்கு இலக்கணம் வகுத்தது: வெளிச்சுவர், பால்கனி, மொட்டை மாடி சேராது, உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் சேரும். கால் வைக்க முடியாத அந்தச் சுவரும் கணக்கில் வருவது கண்டு தில்லிக்காரர் திகைப்பார். திகைக்கலாம், சதுர அடிக்கு ஏழாயிரம் கொடுத்து வாங்கிய சுவரில் ஆணி அடிக்க மனம் வருமா என்பது தனி ஆய்வுக்குரியது.

மாதிரி வீடு பற்றி ஒரு குறிப்பு. ஒரு வளாகத்தில் எனக்குக் காட்டப்பட்ட மாதிரி வீட்டில் எந்த அறைக்கும் கதவு இல்லை. கட்டில் இருந்தது, மெத்தை மேல் சிவப்புத் தலையணை இருந்தது, ஃப்ரிட்ஜ் இல்லை, பீரோ இல்லை. டேப்பின் ஒரு நுனியைத் தரகரிடம் கொடுத்துக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே அளந்தபோது, கதவு இருந்திருந்தால் அது கட்டிலில் இடித்து நின்றிருக்கும் என்பது தெரிந்தது. கேட்டதற்கு, 'கதவு உங்க டேஸ்ட்டுக்குப் போட்டுக்கலாம் சார்' என்றார்.

பரப்பினும் நுட்பமானது யூ.டி.எஸ் எனப்படும் பிரிக்கப்படாத பாகம். வளாகம் நிற்கும் நிலத்தில் 480 சதுர அடி நமக்குச் சொந்தம் என்று பத்திரம் சொல்லும். எந்த 480 என்று மட்டும் யாராலும் காட்ட முடியாது. மாமரத்தின் கீழா, ஜெனரேட்டர் பக்கமா, கழிவுநீர்த் தொட்டியின் மேலா? எங்கும் இருக்கிறது, எங்கும் தனியாக இல்லை. அத்வைதிகளும் விசிஷ்டாத்வைதிகளும் நூற்றாண்டுகளாக வாதிட்ட பொருளைச் சார்பதிவாளர் அலுவலகம் டோக்கன் போட்டுப் பதிந்து தருகிறது. முன்பு நிலப்பங்குக்கு ஒரு பத்திரமும் கட்டுமானத்துக்கு வேறொரு ஒப்பந்தமுமாக இருந்தன. 2023 டிசம்பர் முதல் புது அடுக்ககங்களுக்கு இரண்டையும் சேர்த்தே பத்திரம். வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதைத் தில்லிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பவர் ஆஃப் அட்டர்னி வைத்தே வீடுகள் கைமாறிய ஊரில் இருந்தவர் அவர். அப்படி வாங்கினால் உரிமை வராது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது அவருடைய காலனியில் பாதிப் பேருக்கு அன்று இரவுத் தூக்கம் போயிற்று.

இனி நீர். இப்பகுதி சற்று நீளும், பொருள் அத்தகையது.

'2015-ல இங்க தண்ணி வந்துச்சா?' என்பது தென்சென்னையில் வீடு பார்ப்பவர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. கிடைக்கும் விடை எல்லாத் தெருக்களிலும் சொல் பிசகாமல் ஒன்றே: 'இங்க வரல சார். பக்கத்துத் தெரு வரைக்கும் வந்துச்சு.' ஆய்வாளன் பக்கத்துத் தெருவுக்குப் போனான். அங்கும் வரவில்லை; அதற்குப் பக்கத்துத் தெரு வரைக்கும் வந்ததாம். இப்படியே சென்றால் ஒரு தெருவுக்கும் தண்ணீர் வரவில்லை என்பது நிறுவப்படும். அற்றேல் 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் படகு விட்டது எங்கே எனின், இரண்டு தெருக்களுக்கு நடுவே என்க. இதனைப் 'பக்கத்துத் தெரு விதி' எனப் பெயரிட முன்மொழிகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இவ்விதி பொய்க்கவில்லை.

வாய் சொல்லாததைச் சுவர் சொல்லும். கீழ்த்தளத்தில் ஈ.பி. மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய வீட்டில் அது இடுப்புயரத்தில் இருந்திருக்கும்; இப்போது ஆள் உயரத்துக்கு மேல், புது வயரோடு, ஸ்டூல் போட்டு ஏறி ரீடிங் எடுக்கிற மாதிரி இருந்தால், பக்கத்துத் தெரு என்பது இந்தத் தெருதான். கேட்டுக்கு முன்னால் சாய்தளம் திடீரென்று இரண்டடி எழும்பியிருப்பதும் நல்ல சான்று. புதுப் பெயின்ட்டுக்கு அடியில் ஒரே மட்டத்தில் உப்பிப் பொரிந்து ஓடும் கோடு அதைவிட நல்ல சான்று. மனிதச் சான்று வேண்டுமெனில் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்க வேண்டும். அவருக்கு விற்க வீடு இல்லை. ஒருவர் தம் தொடைக்கு மேல் கையை வைத்து, 'இவ்ளோ. பொட்டிய தலைல தூக்கினு போனேன்' என்றார். எட்டடி தள்ளி நின்றிருந்த தரகர் அப்போது ஃபோனில் யாரையோ தீவிரமாக அழைத்துக்கொண்டிருந்தார்.

இதே நிலப்பரப்பில்தான் 2019 கோடையில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவந்தார்கள். ஆகவே 'தண்ணிப் பிரச்சினை இல்லையே?' என்ற கேள்விக்கு இரு பொருள் உண்டு. தரகர் மே மாதத்தில் 'இங்க வெள்ளமே வராது' என்பார். நவம்பரில் 'போர்ல தண்ணி வத்தாது' என்பார். இரண்டும் அந்தந்த மாதத்தில் மறுக்க முடியாத உண்மை. சதுப்பு நிலம் என்பது நீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதற்காக இயற்கை செய்த ஏற்பாடு; அதன் மேல் கட்டடம் எழுப்பினால் மழையில் வெள்ளமும் வெயிலில் வறட்சியும் சேர்ந்தே வரும் என்பதற்கு முனைவர் பட்டம் வேண்டாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதாவது, பறவைகள் தங்க ஏற்ற இடம் என்று உலகமே ஒப்புக்கொண்டது. அதையொட்டிய அடுக்ககங்களில் 'லேக் வியூ' என்று சதுர அடிக்கு நூறு ரூபாய் கூடுதல்.

சாமான் பற்றிச் சுருக்கமாக. பேக்கர்ஸ்காரர்கள் முகத்தலளவையை 'ரெண்டு பெட்ரூம் சாமான்' என்று கூறுவர். அதில் தில்லியின் டெசர்ட் கூலர் கட்டாயம் இருக்கும். வறண்ட காற்றில் நீர் ஆவியாவதால் குளிரூட்டும் கருவி அது. சென்னையின் ஈரக்காற்றில் இருக்கிற புழுக்கத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தரும். ஏற்றிவர வேண்டாம் என்று யார் சொல்லியும் எந்தத் தில்லித் தமிழரும் கேட்டதில்லை. ரஜாய்கள் பரணுக்குப் போகும், கூலரின் மேல் ஈரத்துண்டு காயும்.

இறுதியாகக் காலம். வீடு 'ரெடி டு மூவ்' என்றால் லிஃப்ட் குழியில் இன்னும் லிஃப்ட் வரவில்லை என்று பொருள். அது வந்தாலும் ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழியில் கிரகப்பிரவேசம் கூடாது. பங்குனியும் பலருக்கு ஆகாது. வாஸ்து நாள் பார்க்க வேண்டும், பெரியம்மாவுக்குத் தோதுப்பட வேண்டும், சாஸ்திரிகளுக்கு அன்று வேறு மூன்று வீடு. பால் காய்ச்சும்வரை வாடகை வீட்டுக்காரருக்கும் மாதாமாதம் கொடுத்தாக வேண்டும்.

இவையனைத்தும் நெகிழ, நெகிழாதது ஒன்று என்று மேலே கூறினோம். அது தவணை. மகளையோ மகனையோ கூட்டுக் கடனாளியாகச் சேர்த்து, 50 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதம் 43,391 ரூபாய். சுமாராக நாற்பத்து மூவாயிரம் என்று வங்கியில் யாரும் சொல்வதில்லை. முதல் மாதத் தவணையில் 35,417 வட்டிக்குப் போகும். அசலில் கழிவது 7,974. மொத்தம் கட்டி முடிக்கும்போது ஒரு கோடியே நாலு லட்சத்தைத் தாண்டியிருக்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏற்றியபோது பலருக்குத் தவணைத் தொகை மாறவில்லை, ஆண்டுகள்தான் நீண்டன. ஆகலின் ஆண்டும் நெகிழும், தொகை நெகிழாது என்று திருத்திக் கொள்க.

ஆடியில் கிரகப்பிரவேசம் கிடையாது, தவணை உண்டு. ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமையானால் ஒருநாள் தப்பலாம் என்று பழைய கடனாளிகள் சொல்வதை நம்ப வேண்டாம். 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் எல்லா நாளும் கணக்கிலிருந்து தவணையைப் பிடிக்கும் வசதி நடைமுறையில் இருக்கிறது.