செட் வெட்ஜும் தனி வெட்ஜும்: மாமல்லைச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கோல்ஃப் ஆடுகிறவர்கள் இருவர் ஒரு மேசையில் உட்கார்ந்தால், இரண்டாவது காபிக்குள் ஒரு தகராறு வந்தே தீரும். அயர்ன் செட்டோடு உடன்பிறந்து வருகிற வெட்ஜ் மட்டைகளையே பையில் வைத்துக்கொள்வதா, வெட்ஜுக்கென்றே தனியாகச் செய்து விற்கிற மட்டைகளை வாங்குவதா? அறிவுலகம் இதை இதுகாறும் பாராமுகமாக விட்டிருக்கிறது. அப்பழியைத் துடைக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்களம் செங்கல்பட்டு. என்னை? கோல்ஃப் கிண்டியிலும் நந்தனத்திலும் அன்றோ ஆடப்பட்டு வந்தது எனின், அற்றன்று. கிண்டி முன்னாளில் செங்கல்பட்டு ஜில்லா சைதாப்பேட்டை தாலுகாவைச் சேர்ந்தது. ஜில்லா கலெக்டரே நெடுங்காலம் சைதாப்பேட்டையில்தான் கச்சேரி நடத்தினார். 1884இல் தோன்றிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் துரைமார்கள், கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் மட்டையை ஓங்கிப் பெயர்த்தது செங்கல்பட்டு மண்ணைத்தான். 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானபோது கிண்டி திரும்பி வரவில்லை. அது வருவாய்த்துறையின் பாடு, ஆய்வாளரைக் கட்டுப்படுத்தாது.

இனி பொருளுக்கு வருவோம். வெட்ஜ் என்பது பந்தைத் தூரம் அனுப்புவதற்கன்று, உயரத் தூக்கி மெல்ல இறக்குவதற்கு. வழக்கில் உள்ளவை நான்கு: பிட்சிங், கேப், சாண்ட், லாப். மட்டையின் முகம் எவ்வளவு மல்லாந்திருக்கிறது என்பதே லாஃப்ட். சாண்ட் வெட்ஜுக்கு 54 முதல் 56 டிகிரி, லாப் வெட்ஜுக்கு 60 டிகிரி. பிட்சிங் வெட்ஜ் மட்டும் ஒரு நிலையில் நிற்பதில்லை. முன்பு 50 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தது, இன்றைய செட்டுகளில் 44 வரை இறங்கிவிட்டது. காரணம் எளிது. முகம் நிமிர்ந்தால் பந்து தூரம் போகும், தூரம் போனால் வாங்கியவருக்குத் தன் தோள்மேல் மதிப்பு கூடும், செட் விற்கும்.

இதன் விளைவு கவனிக்கத்தக்கது. 44க்கும் 56க்கும் நடுவே 12 டிகிரிப் பள்ளம். முப்பது கஜத்துக்குக் குறையாத ஒரு தூரத்துக்கு ஆட்டக்காரரிடம் மட்டையே இல்லை. கேப் வெட்ஜ் பிறந்தது இப்பள்ளத்தை அடைக்கத்தான். அதற்காக மட்டைகளை அள்ளிக்கொண்டு போகவும் முடியாது. 14க்கு மேல் பையில் இருக்கக்கூடாது என்பது 1938இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் போட்ட விதி.

இனிச் சான்றுகள். வெட்ஜ் என்றால் தமிழில் ஆப்பு. ஆப்பு வேலைக்குச் சான்று இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் உண்டு. மாமல்லபுரத்துப் பாறைகள் சிலவற்றில் வரிசையாகச் செவ்வகக் குழிகள் தெரியும். மர ஆப்பை இறுக்கித் தண்ணீர் ஊற்றினால் மரம் ஊதிப் பாறை பிளக்கும் என்று வழிகாட்டிகள் விளக்குவார்கள். குழிகள் பல்லவர் காலத்தவையா, பின்னாளில் கல்லுடைத்தவர்கள் போட்டவையா என்று அறிஞர் பூசலிடலாம். நமக்கு எதுவாயினும் சரியே. நாம் நோக்க வேண்டியது, ஒரு வரிசையின் குழிகள் ஒரே அளவினவாய், ஒத்த இடைவெளியில் இருப்பது. ஓர் ஆப்பு தடித்து மற்றொன்று மெலிந்தால் பிளவு தன் இஷ்டத்துக்கு ஓடும். ஆகவே முழு வீச்சு வேலைக்கு ஒத்த குடும்பத்து ஆப்புகளே வேண்டும் என்பது கல்லில் கண்ட முடிவு. பிட்சிங் வெட்ஜைப் பெரும்பாலோர் முழு வீச்சில்தான் அடிக்கிறார்கள். அவர்கள் கையில் அது பத்தாம் எண் அயர்ன். எடை, தண்டு, தலையின் அமைப்பு மூன்றும் ஒன்பதாம் எண் அயர்னோடு ஒத்திருந்தால் கை குழம்பாது. கேப் வெட்ஜுக்கும் இதுவே.

செட் கட்சியினர் இவ்விடத்தில் கைதட்டுவர். பொறுக்க. ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையில் சிற்பக் கூடங்களுக்கு முன் சற்று நிற்கட்டும். கல்லைக் கரடுமுரடாக உடைப்பதற்கு ஓர் உளி, மடிப்புக்கும் நகைக்கும் வேறு உளி. சிலைக்குக் கண் திறக்கும் நாளில் ஸ்தபதி எடுப்பது தங்க உளி. பாறை பிளந்த ஆப்பைக் கொண்டு கண் திறந்தவர் மாமல்லையில் எவருமிலர். குழி இருக்கும் கிரீனைச் சுற்றிய பத்து கஜ வேலை கண் திறக்கிற வேலை. அங்கே சீர்வரிசையில் வந்த கரண்டி செட்டை வைத்துக்கொண்டு தோசை திருப்ப முனைவது பிடிவாதம்.

தனி வேலைக்குத் தனி மட்டை என்பதை மணலில் நிறுவிய முன்னோடி, கோல்ஃப் வீரர் ஜீன் சாரசன். மட்டையின் அடிப்பாகத்தில் ஈயத்தை வைத்து, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழுமாறு செய்தார். விமானம் மேலேறும்போது வால் தாழ்வதைக் கண்டு தோன்றிய எண்ணம் என்று அவரே சொன்னார். அம்மட்டையோடு 1932இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். அந்தத் தாழ்வுக்கு இன்று பவுன்ஸ் என்று பெயர். பவுன்ஸ் கூடினால் மட்டை மணலில் புதையாமல் வழுக்கும். குறைந்தால் இறுகிய தரையில் பந்தின் அடியில் நுழையும்.

எனவே கேள்வி, எந்த மணல்? கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே காய்ந்து கிடக்கும் மணலில் கணுக்கால் இறங்கும். அங்கே 12, 14 டிகிரி பவுன்ஸ் இல்லையேல் மட்டை புதையல் எடுக்கப் போய்விடும். அலை நனைத்த ஈர மணலோ நடந்தால் தடம்கூடச் சரியாகப் பதியாது. செங்கல்பட்டுப் பக்கத்துப் பாலாற்று மணல் பரல் பருத்தது, காலுக்கு இறுக்கமானது. கத்திரி வெயிலில் கிண்டித் தரை அதனினும் இறுக்கம். இவற்றுக்கு 8 டிகிரியே தாராளம். செட்டில் வரும் சாண்ட் வெட்ஜுக்குப் பெரும்பாலும் ஒரே பவுன்ஸ்தான். எந்த மணல் என்று அது கேட்பதில்லை. தனி வெட்ஜ் பலவித பவுன்ஸில் கிடைக்கிறது. தனிக் கட்சியின் முழு பலமும் இதில்தான். மற்றவையெல்லாம் கடைக்காரர் பேச்சு.

பூச்சில்லாத தனி வெட்ஜ் உப்புக்காற்றில் துருப்பிடிக்குமே என்பார்க்கு: பிடிக்கும், ஆட்டம் கெடாது. 60 டிகிரி லாப் வெட்ஜ் அவசியமா என்பார்க்கு: டிவியில் பார்த்து வாங்குகிறவர்களில் பலருக்கு அது பந்தின் தலையைச் சீவுவதற்கே பயன்படுகிறது.

ஆக, பிட்சிங்கும் கேப்பும் செட்டிலிருந்து. சாண்ட் வெட்ஜ் தனியாக, ஆடுகிற மண்ணைத் தொட்டுப் பார்த்த பின். லாப் வெட்ஜ், விடாமல் பயிற்சி செய்கிறவருக்கு மட்டும்.

இம்முடிவுக்கு அடங்காத பந்து ஒன்றுண்டு. மாமல்லைப் பாறைச் சரிவில் நிற்கும் பெருங்கல், கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. எடை சுமார் 250 டன் என்பர், 45.93 கிராம் கோல்ஃப் பந்து ஏறத்தாழ 54 லட்சம் சேர்ந்தால் அந்த எடை. 1908இல் மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கொண்டு முயன்றும் அசையவில்லை என்று சொல்லப்படுகிறது. யானைகள் செட்டா தனியா என்ற குறிப்பில்லை. இத்தகைய பந்துக்கு விதிநூல் வழி காட்டுகிறது: ஆட முடியாதது என்று அறிவித்து, ஓர் அடி தண்டம் ஏற்று, குழிக்கு நெருங்காமல் இரண்டு மட்டை நீளத்துக்குள் வேறு பந்தைப் போட்டுக்கொள்ளலாம். அதையும் வேலிக்கு வெளியே செய்யவும். உருண்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். வெட்ஜ் எதுவானாலும் காரிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போங்கள்.