முன்னிலைக் கோட்பாடும் சஹன் கணக்கும்: பெருநிறுவனத் தகவல் தொடர்புத் துறைக்கு முத்துப்பேட்டை வழங்கும் பாடத்திட்டம்

1. ஆய்வின் நோக்கம்

கண்ணாடிக் கட்டடம் கட்டிய எந்த நிறுவனத்திலும் ‘கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ்’ என்றொரு பிரிவு உண்டு. தலைமை அதிகாரி பேசவேண்டியதை எழுதித் தருவது, அவர் பேசும் மேடையை அமைப்பது, பேசியது எல்லாரையும் சென்றடைந்ததாக அறிக்கை தயாரிப்பது ஆகியன அதன் பணிகள். இதற்கு எம்.பி.ஏ. கேட்கிறார்கள். திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில், கோரையாறும் பாமணியாறும் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து கடலைத் தேடும் முத்துப்பேட்டையில், இதே பணிகளைக் கல்யாண வீட்டு வாசலில் தோளில் துண்டோடு நிற்கும் ஒருவர் செய்து முடிக்கிறார். அவரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. “எல்லாருக்கும் சொல்லியாச்சா மாமா?” என்று மட்டும் கேட்கிறார்கள். எம்.பி.ஏ. பாடத்தில் இல்லாத இந்தக் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோடிகள்

மேலைநாட்டார் இத்துறையின் தொடக்கத்தை 1906இல் வைப்பார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் விபத்து நடந்தபோது, ஐவி லீ என்பவர் ரயில்வே கம்பெனியின் சார்பில் தாமே செய்திக்குறிப்பு எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். இக்கருத்து மறுக்கத்தக்கது. அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் இதைச் செய்துவிட்டான். யார் யார் கொடுத்த கொடைகளைக் கல்லில் வெட்டுவது என்று அவன் ஆணையிட்ட வரிசையைப் பாருங்கள்: முதலில் தான், அடுத்து அக்கன் குந்தவை, அதன்பின் தேவியர், இறுதியில் மற்றவர்கள். அக்காளைத் தேவியருக்கு முன்னால் போட்டது நுட்பமான நிகழ்ச்சி நிரல் முடிவு. அந்தப்புரத்தில் அன்றிரவு என்ன நடந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை.

அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்ற விலாசத்தோடு வெட்டப்பட்டுள்ளன. நாவிதர்கூட விடுபடாமல் பட்டப்பெயரோடு இடம்பெற்றிருக்கிறார். ஐவி லீயின் குறிப்பில் இந்த அளவு விவரம் கிடையாது.

3. பதவி ஏணி

இத்துறையில் நேரடி நியமனம் இல்லை. முதற்படி நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கழுத்து உயரத்துக்கு அடுக்கித் தூக்கிவரும் பையன், மேடையில் போடுபவற்றுக்கு மட்டும் பூந்துவாலை போர்த்த வேண்டும் என்று கற்றுக்கொள்கிறான். துவாலை நாற்காலியில் யார் உட்காரலாம் என்று எங்கும் எழுதப்படவில்லை. உட்காரக் கூடாதவர் உட்கார்ந்துவிட்டால் மட்டும் ஊருக்கே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்.” மூன்றாம் படி, அச்சகத்தில் உட்கார்ந்து நோட்டீஸ் புரூஃப் பார்ப்பது. உச்சப்படி துண்டுச்சீட்டு. சிறப்புரை சூடு பிடித்திருக்கும். ஒருவர் பாதி குனிந்தபடி, தாம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை என்ற நம்பிக்கையில் மேடையின் பக்கவாட்டில் ஏறி, மைக்குக்குக் கீழே நாலாக மடித்த தாளை வைத்துவிட்டு அதே குனிவோடு இறங்குவார். பேச்சாளர் அதைப் பிரித்து ஒருமுறை முறைத்துவிட்டு, “சற்றுமுன் வருகை தந்திருக்கும் அன்புக்குரிய...” என்று தொடங்குவார். அந்தத் தாளை எழுதியவரே துறைத்தலைவர். அவர் பெயர் மட்டும் நோட்டீஸில் இருக்காது.

4. முன்னிலைக் கோட்பாடு

அழைப்பிதழில் தலைமை ஒருவர், வரவேற்புரை ஒருவர், சிறப்புரை ஒருவர், நன்றியுரை ஒருவர். முன்னிலைக்கு மட்டும் உச்சவரம்பு இல்லை. முன்னிலை வகிப்பவர் பேச வேண்டியதில்லை, விளக்கேற்ற வேண்டியதில்லை, வராவிட்டாலும் முன்னிலை இனிதே நடந்தேறும். ஊரின் எல்லாக் கட்சி, எல்லாத் தெரு, எல்லாச் சங்கத்தையும் ஒரே பத்தியில் சமாதானமாக உட்கார வைக்கும் இந்தக் கண்டுபிடிப்பைப் பெருநிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. அங்கே அதன் பெயர் ‘அட்வைசரி போர்டு’.

5. காலக்கணக்கு

தமிழ்நாட்டின் மேடை நிகழ்ச்சியில் எவ்வளவு நேரம் உறுதியானது? 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசு, அதை 55 நொடியில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. நாட்டுப்பண்ணுக்கு 52 நொடி. ஆக 107 நொடி. இடையில் உள்ள நேரம் முழுவதும் பேச்சாளர்களின் மனசாட்சிக்கு விடப்பட்டுள்ளது.

6. சஹன் கணக்கு

முத்துப்பேட்டைப் பகுதி முஸ்லிம் வீட்டு விருந்துகளில் சோறு சஹனில் வரும். பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சமையல்காரரான பண்டாரியிடம் கணக்குச் சொல்வதும் தலை எண்ணிக்கையில் அல்ல, சஹன் எண்ணிக்கையில்தான். இங்கேதான் தொழில் தெரிந்தவர் வெளிப்படுகிறார். மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் சஹனுக்கு நாலாவது ஆளாக யாரைக் கூப்பிடுவது? வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசிக்கொள்ளாத இருவரைத் தவறுதலாக எதிரெதிரே உட்கார வைத்துவிட்டால் ஏற்பாட்டாளர் பாடு திண்டாட்டம். தெரிந்தே உட்கார வைத்தால் அவர் மேதை. ஒரே தட்டில் கைவைத்த பிறகு, “கறி உங்க பக்கம் இருக்கு, தள்ளுங்க” என்றாவது சொல்லித்தான் ஆக வேண்டும். நட்சத்திர ஓட்டல் வட்டமேசை மாநாடுகள் இந்த இடத்துக்கு வந்துசேரப் பல அமர்வுகள் எடுத்துக்கொள்கின்றன.

7. கடைமடைத் தேற்றம்

காவிரி டெல்டாவின் மிகப் பெரிய மேடை நிகழ்ச்சி இவ்வூரில் நடப்பதில்லை. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையிலிருந்து குறுவைக்குத் தண்ணீர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் தண்ணீர் போதாமல் ஜூலை 28 வரை காத்திருந்தார்கள். எந்த நாளானாலும் நிகழ்ச்சி நிரல் ஒன்றுதான்: பொத்தானை அழுத்துவது, மலர் தூவுவது, புகைப்படம், செய்திக்குறிப்பு. பிறகு கல்லணையில் மறுபடி மலர். விழா முடிந்தது.

தண்ணீருக்கு முடியவில்லை. அது வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, கோரையாறு, பாமணியாறு வழியே, நடுவில் உள்ள மதகுக்கெல்லாம் பங்கு கொடுத்துவிட்டு முத்துப்பேட்டைப் பக்கம் வரவேண்டும். திறப்பு விழாச் செய்தி அன்று மாலையே செல்போனில் வந்துவிடும். “மேட்டூர்ல பூப் போட்டாச்சாம். நம்ம வாய்க்காலுக்கு எப்ப?” என்று கேட்பவருக்குப் பதில் சொல்லச் செய்திக்குறிப்பில் வரி இருக்காது.

இதிலிருந்து கிடைக்கும் தேற்றம்: அறிவிப்பு திறக்கப்பட்ட இடத்தில் நிகழ்ச்சி முடிகிறது, தகவல் தொடர்பு அங்கேதான் தொடங்குகிறது. தலைமை அதிகாரி ‘டவுன் ஹால்’ கூட்டத்தில் பேசியதை மேலாளர்கள் அன்றே பாராட்டிவிடுவார்கள். அது தலைமடை. இரவு ஷிப்ட் காவலாளிக்குப் போனஸ் தேதி மாறியது தெரியுமா என்பதே கடைமடை. பெரும்பாலான நிறுவனங்கள் மேட்டூரில் அளந்துவிட்டு அறிக்கை எழுதுகின்றன.

8. பரிந்துரைகள்

அ. இத்துறையில் சேர விரும்புவோர் ஒரு பருவமாவது டெல்டாவின் ஏதேனும் ஒரு கல்யாண வீட்டில் நாற்காலி இறக்க வேண்டும்.

ஆ. முன்னிலைப் பட்டியலை இறுதி செய்யும் அதிகாரம் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு அளிக்கப்பட வேண்டும். மென்பொருளால் இது முடியாது.

இ. நேர்முகத் தேர்வில் இதுவரை நடத்திய நிகழ்ச்சிகளின் பட்டியலையோ புகைப்படங்களையோ கேட்க வேண்டாம். ஒரே கேள்வி போதும்: “நீங்கள் ஏற்பாடு செய்த விருந்துக்குக் கடைசியாக வந்தவர் யார், அவருக்குச் சோறு இருந்ததா?” முதல் பாதிக்கு விடை தெரியாதவருக்கு இரண்டாம் பாதியும் தெரிந்திருக்காது.