நடிகை கையில் நுரை, நம் வாளியில் உப்புத் தண்ணீர்

டிவியில் அந்த நடிகை ஒரு ஸ்பூன் போட்டதும் வாளி நிறைய நுரை பொங்குது. எங்க போர் தண்ணியில ரெண்டு கை அள்ளிப் போட்டாலும் நுரையே வரமாட்டேங்குதுங்க. பவுடர் போலியா?
*(ஒரு வாசகி, ஓமலூர்)*

பவுடரைச் சந்தேகப்படுவதற்கு முன் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள் அம்மா. உங்களுக்குப் பக்கத்தில்தான் மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல்லை வெட்டியெடுக்கும் கரடுகள் இருக்கின்றன. பாறையில் ஊறிவரும் தண்ணீர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சுமந்து வரும். சோப்பு அழுக்கைத் தொடுவதற்குள் அவை சோப்பைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம், துணியில் ஒட்டும் வெள்ளைத் திப்பிதான். பவுடருக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஆனாலும் உப்புத் தண்ணீரில் அதன் வேலையிலும் பாதி வீணாகும்.

ஒரு பாட்டிலில் போர் தண்ணீர், இன்னொன்றில் காவேரித் தண்ணீர் பிடியுங்கள். இரண்டிலும் ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். எது நுரைக்கிறது, எது திரிகிறது என்று கண்ணாலேயே தெரியும். வெள்ளைத் துணியைக் காவேரித் தண்ணீர் வரும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பருத்தித் துணிக்குப் போர் தண்ணீர்தான் என்றால், முதலில் கொஞ்சம் சலவைச் சோடாவைக் கரைத்துவிட்டுப் பிறகு பவுடர் போடுங்கள். விளம்பர வாளியில் இருப்பது எந்த ஊர்த் தண்ணீர் என்று அந்த நடிகை சொல்லவே இல்லையே!

குளியல் சோப்புக்கு நடிகைகள் வரிசையில் வருகிறார்கள். துணி சோப்புக்கு மட்டும் பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பெண் போல யாரோ வருகிறார். ஏன்?
*(ஒரு வாசகர், நாமக்கல்)*

குளியல் சோப்பு விற்பது அழகை. அது நட்சத்திரத்திடம் இருக்கிறது. 1941லேயே லீலா சிட்னிஸ் லக்ஸுக்கு முகம் கொடுத்துவிட்டார். துணி சோப்பு விற்பது உழைப்பை. நட்சத்திரம் துவைகல் முன் குந்துவார் என்று நம்ப ஆளில்லை.

அதனால்தான் சர்ஃப் 1980களில் ஒரு நட்சத்திரத்தைத் தேடாமல் ஒரு பாத்திரத்தைப் படைத்தது. லலிதாஜி! காய்கறி வாங்கும்போது காசுக்குக் காசு கணக்குப் பார்க்கும் பெண். விளம்பரக்காரர் அலிக் பதம்ஸீயின் கைவண்ணம்; நடித்தவர் கவிதா சௌத்ரி. எதற்காக அந்த அம்மாள் தேவைப்பட்டார் என்பதுதான் கதையே. அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்ற வேதியியல்காரர் 1969ல் வீட்டிலேயே பவுடர் கலந்து, சைக்கிளில் வைத்துத் தெருத்தெருவாக விற்கத் தொடங்கினார். பெயர் நிர்மா. மகள் நிருபமாவின் பெயரிலிருந்து வந்தது. சர்ஃப் விலையில் நாலில் ஒரு பங்குதான். பார் சோப்பைத் தவிர வேறெதையும் தொடாத வீடுகள் பவுடருக்கு மாறின. விலையில் தோற்ற பெரிய கம்பெனி, 'மலிவு வேறு, லாபம் வேறு' என்று எடுத்துச் சொல்ல ஒரு கறாரான இல்லத்தரசியை அனுப்பியது.

கவிதா சௌத்ரி 1989ல் 'உடான்' தொடரை எழுதி, இயக்கி, அதில் போலீஸ் அதிகாரியாகவும் நடித்தார். 2024 பிப்ரவரியில் அவர் காலமானபோது, பலர் முதலில் நினைத்துக்கொண்டது லலிதாஜியைத்தான். நட்சத்திரங்கள் குளியல் சோப்பை விற்ற காலத்தில், பவுடர் ஒரு நட்சத்திரத்தை உண்டாக்கியது. எனக்கு அந்த விளம்பரம் இன்றைக்கும் பிடிக்கும். அது பெண்ணின் கணக்கறிவை மதித்தது.

ஜப்பானிய மொழி படிக்கிறேன். அங்கே துணி சோப்பு விளம்பரத்தில் இளம் ஹீரோக்களே வந்து துவைக்கிறார்களே?
*(கல்லூரி மாணவி, சேலம்)*

ஆமாம். காவ் கம்பெனியின் 'அட்டாக்' 1987ல் வந்தது. அடர்த்தியான பவுடர், சின்னப் பெட்டி. 2019ல் 'அட்டாக் ஜீரோ' திரவம் வந்தபோது மட்சுசாகா தோரி, சுடா மசாகி உட்பட ஐந்து முன்னணி நடிகர்களை, துவைப்பதை நேசிக்கும் நண்பர் கூட்டமாகவே காட்டினார்கள். அந்த ஊர்த் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. அந்தச் சௌகரியமும் அவர்களுக்கு உண்டு.

இங்கே ஏரியல் 2015ல், துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்று கேட்டது. நல்ல கேள்வி. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் வந்து பாருங்கள். தறியில் அவரும் நிற்கிறார், அவளும் நிற்கிறாள். வேலை முடிந்ததும் துவைகல் அவளுக்கு மட்டும். இத்தனைக்கும் ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக ஊர்த்துணி முழுவதையும் வெளுத்தவர்களில் ஆண்களும் உண்டு. வெண்மையைப் பற்றி இவ்வளவு பேசிய விளம்பரங்களில், அந்தச் சலவைத் தொழிலாளியின் கைக்கு ஓர் இடம் கிடைக்காதது எனக்கு வருத்தம். ஒரு தமிழ்க் கதாநாயகன் தன் சட்டைக் காலரைத் தானே கும்மித் துவைக்கும் விளம்பரம் வரட்டும். முதல் கைதட்டு என்னுடையது.

போட்டிக் கம்பெனியைப் பேர் சொல்லியே மட்டம் தட்டலாமா?
*(ஒரு வாசகர், திருச்செங்கோடு)*

2010ல் ரின் அப்படிச் செய்தது. டைட் பாக்கெட்டைத் திரையிலேயே காட்டியது. கல்கத்தா உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது.

நடிகர் சொன்னாரேன்னு வாங்கி ஏமாந்தா, அவர் மேலயும் கேஸ் போடலாங்களா?
*(லாரி டிரைவர், நாமக்கல்)*

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்குத்தான் வழி செய்திருக்கிறது. பொய்யான, திசைதிருப்பும் விளம்பரம் என்று தெரிந்தால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தயாரித்தவருக்கும் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவர் ஓராண்டு வரை வேறு எந்தப் பொருளுக்கும் பரிந்துரை செய்யக் கூடாது என்றும் தடுக்கலாம். 'நான் விசாரித்துப் பார்த்துத்தான் சொன்னேன்' என்று அவர் நிரூபித்தால் தப்பலாம். புகாருக்கு 1915 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். பில்லையும் பாக்கெட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் ஐயா.

அப்பாவின் சேலம் வெண்பட்டு வேட்டியில் முட்டைக் கறை. விளம்பரத்தில் வரும் என்சைம் பவுடரில் ஊறவைக்கலாமா?
*(ஒரு வாசகி, ராசிபுரம்)*

வேண்டாம், வேண்டவே வேண்டாம்! முட்டையும் புரதம், பட்டும் புரதம். புரதத்தை அரிக்கும் என்சைமுக்கு எது கறை, எது வேட்டி என்று தெரியாது. சுடுதண்ணீரும் ஆகாது, முட்டை வெந்து நூலோடு பிடித்துக்கொள்ளும். காய்ந்ததை நகம் படாமல் மெதுவாக உதிர்த்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் கசக்காமல் அலசி, நிழலில் காயப்போடுங்கள். பருத்திச் சட்டையில் கறை என்றால் அந்தப் பவுடரையே தாராளமாகப் போடலாம். அதற்காகத்தான் அது செய்யப்பட்டது.